மூடிய பக்கமும் மூடாத அட்டையும்

2002-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில், அமெரிக்க நாட்டில் 'டிராகன்' என்ற விளையாட்டு இதழ் தன் 300-ஆவது மலரை வெளியிட்டது. 1976-இல் பிறந்து, இருபத்தாறு ஆண்டுகளாக இளைஞர்களின் கையில் புரண்டு வந்த இதழ். வாங்கிப் பார்த்தவர்கள் ஒரு புதுமையைக் கண்டார்கள். உள்ளே சில பக்கங்கள் ஒட்டி மூடப்பட்டிருந்தன! வயது வந்தோர் மட்டுமே பிரித்துப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே திங்களில் 'புக் ஆஃப் வைல் டார்க்னஸ்' என்றொரு நூலும் வந்தது. கொடுமையையும் கொடியோரையும் விளையாட்டுக் கதைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கூறும் நூல். முதிர்ந்தோர்க்கு மட்டும் என்ற அறிவிப்பு அதன் மேலே இருந்தது. மூடிய பக்கங்கள் அந்த நூலை ஒட்டி எழுதப்பட்டவை.

எழுந்தது கூச்சல்! பிள்ளைகள் படிக்கும் ஏட்டில் இப்படியா என்றார்கள் சிலர். அந்த விளையாட்டை வைத்தே கதைகள் எழுதிப் புகழ்பெற்ற டிரேசி ஹிக்மன் வெளிப்படையாகக் கண்டனக் குரல் கொடுத்தார். வளர்ந்தவர்களுக்கு வளர்ந்தவர்களுக்குரியதைக் கொடுத்தால் குற்றமா என்று எதிர்க்குரல் கிளம்பியது. வாதம் வளர்ந்தது, மை செலவாயிற்று.

நாம் கேட்பது வேறு கேள்வி. ஒட்டி மூடிய பக்கத்தைப் பற்றி இத்தனை பேர் வாதாடினார்கள். ஒட்டாத, மூடாத, கடைவாயிலில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கிய அட்டையைப் பற்றி அவர்களில் எத்தனை பேர் வாதாடினார்கள்? உள்ளே இருந்ததற்குப் பூட்டு. வெளியே இருந்ததற்கு விளக்கு! இதுதான் நாம் பேச வந்த பொருள்.

"அமெரிக்காக்காரன் ஆடுகிறான், அவன் இதழ் போடுகிறான், அவன் சண்டை போடுகிறான்; பட்டறையில் பாடுபடும் எங்களுக்கு அதில் என்ன?" என்று தோழர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இன்று தொழிலாளி வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை அதில் ஆடுகிறான். ஆட்டத்துக்கு நடுவே ஒரு விளம்பரம் பாய்கிறது. கையிலே வாள் ஏந்திய ஒரு பெண். கவசம் என்ற பெயரால் உடலிலே இரண்டு தகடு. பார்ப்பவனை அழைக்கும் ஒரு நிலை. அந்தப் படம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு ஊர் உண்டு, ஆண்டு உண்டு, அதைப் பழக்கமாக்கிய ஏடுகள் உண்டு. பிள்ளை கையிலே என்ன இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், அது எங்கிருந்து வந்தது என்று அறிந்தாக வேண்டும்.

ஆட்டம் இதுதான். 1974-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 'டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. ஆக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். நம்மூர்த் தாயம் போலக் கட்டம் போட்டுக் காய் நகர்த்தும் ஆட்டமன்று. ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வார்கள். ஒருவர் கதை சொல்வார்; மற்றவர்கள் அந்தக் கதையின் மாந்தராக நின்று பேசுவார்கள், போரிடுவார்கள், புதையல் தேடுவார்கள். ஒருவன் போர்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன். வெற்றியா தோல்வியா என்பதைப் பகடை சொல்லும். நான்கு முகம் முதல் இருபது முகம் வரை பகடைகள் உண்டு. சிறகு முளைத்து நெருப்புக் கக்கும் பாம்பு ஒன்று பெரும்பாலும் எதிரே நிற்கும். அதற்குத்தான் டிராகன் என்று பெயர்.

நல்ல ஆட்டம். கற்பனையை வளர்க்கும் ஆட்டம். கூடி அமர்ந்து பேசக் கற்றுத்தரும் ஆட்டம். ஏழை பணக்காரன் பேதமின்றி, ஒரு புத்தகமும் சில பகடைகளும் இருந்தால் பத்துப் பேர் பல ஆண்டு ஆடலாம். ஆட்டத்தின்மீது நமக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அதன் வாயிலில் நின்று சீட்டுக் கிழித்தவர்கள்மீது.

ஏன் என்று கேளுங்கள்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு மாந்தருக்கும் ஆறு மதிப்பெண்கள். வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, கைத்திறன், ஆளுமை. ஆளுமை என்பது அழகு மட்டுமன்று. எத்தனை பேர் நம் பின்னே வருவார்கள், எத்தனை விசுவாசமாக இருப்பார்கள் என்பதைக் காட்டும் எண். தலைமைக்குரிய எண்! 1976 அக்டோபரில் அதே டிராகன் இதழின் மூன்றாவது வெளியீட்டில் லெனார்டு லகோஃப்கா என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பெண்களையும் ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் வழி என்ன தெரியுமா? பெண் மாந்தருக்கு 'ஆளுமை' என்ற எண்ணை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'அழகு' என்று எழுதினார். மயக்கி வீழ்த்தும் மந்திரங்களையும் பெண்ணுக்கென்று சேர்த்தார். வலிமையில் ஆண் 18 வரை போகலாம். பெண் 14-ஓடு நிற்க வேண்டும் என்று பகடையையே மாற்றினார்.

தலைமை போயிற்று, தளுக்கு வந்தது! வரவேற்பு வளையம் கட்டினார்கள். உள்ளே வந்தவளுக்கு வாளைத் தராமல் கண்ணாடியைத் தந்தார்கள்.

அது ஒரு கட்டுரை, ஒருவர் கருத்து, விட்டுவிடலாம் என்பீர்கள். விட்டுவிடலாம். 1978-இல் வந்த ஆட்ட விதி நூலை எப்படி விடுவது? மிக வலிய மனிதர்க்கு 18-க்கு மேலும் ஒரு சிறப்பு எண் உண்டு. ஆணுக்கு அது 100 வரை போகும். பெண்ணுக்கு 50-ஓடு சரி. விதியாகவே அச்சடித்தார்கள். "உண்மை உலகம் அப்படித்தானே, ஐயா?" என்றார்கள் சிலர். உண்மை உலகமா! பாம்புக்குச் சிறகு முளைக்கலாம். அது நெருப்புக் கக்கலாம். கிழவன் ஒருவன் விரலை நீட்டினால் இடி விழலாம். அத்தனையும் நம்பலாம். ஒரு பெண்ணின் கை ஓர் ஆணின் கைக்கு நிகராவது மட்டும் நம்பத்தகாதது! கற்பனையே தொழிலாகக் கொண்டவர்களின் கற்பனை, பெண் என்ற இடத்துக்கு வந்ததும் காலொடிந்து விழுந்ததைக் காண்கிறோம்.

விதியில் இருந்த இந்த நினைப்புதான் படத்தில் உருவம் எடுத்தது. ரெட் சோன்யா என்ற வாள்வீராங்கனை 1973-இல் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் தோன்றினாள். தோன்றியபோது அவள் உடலில் சங்கிலிக் கவசச் சட்டை இருந்தது. எஸ்தபான் மரோட்டோ என்ற ஓவியர் வரைந்த படத்துக்குப் பிறகு, சட்டை போயிற்று. நீச்சலுடை போன்ற இரண்டு தகடுதான் மிஞ்சியது. அதுவே அவளுடைய நிலையான உடையாயிற்று. அவளுக்கு மட்டுமா? அவளைப் பார்த்து வரைந்த நூறு ஓவியர்களின் நூறு பெண்களுக்கும் அதுவே சீருடையாயிற்று. இதழ் அட்டையில், விதி நூலில், விளம்பரத்தில், விரலளவு ஈயப் பொம்மையில், எங்கும் அதே தகடு!

பட்டறைத் தோழரைக் கேட்கிறோம்: பற்றவைப்பு வேலை செய்கிறீர்கள். முகத்துக்கு மறைப்பு, கைக்குத் தோலுறை, மார்புக்குத் தோல் மேலங்கி கேட்கிறீர்கள். தராவிட்டால் சங்கத்தில் முறையிடுகிறீர்கள். ஏன்? கவசம் அலங்காரமன்று, உயிர். பொறி எங்கே பறக்குமோ அங்கே உறை வேண்டும். வாள் எங்கே பாயும்? வயிற்றில் பாயும், நெஞ்சில் பாயும். அந்த இரண்டு இடத்தையும் திறந்துவிட்டுத் தோளில் மட்டும் தகடு வைத்துப் பெண்ணைப் போருக்கு அனுப்பிய ஓவியன், அவள் போரிட வேண்டும் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் ஆணுக்குத் தலை முதல் கால் வரை இரும்பு. அவன் போருக்குப் போகிறான். அவள் பார்வைக்குப் போகிறாள். ஒரே படத்தில் இரண்டு நீதி!

இதைப் பெண்கள் அன்றே கேட்டார்கள். கேட்காமலிருந்தார்கள் என்று எவரும் கூறவேண்டாம். அந்த ஆட்டத்தை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் ஆட்டங்களை ஆக்கும் பணிக்கு அமர்ந்த முதல் பெண் ஜீன் வெல்ஸ். 1980 ஜூலையில், டிராகன் இதழின் 39-ஆவது வெளியீட்டில், கிம் மோகன் என்பவரோடு சேர்ந்து அவர் ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் சமத்துவம் கேட்கிறார்கள், ஏன் கேட்கக் கூடாது என்பதே அதன் தலைப்பின் பொருள். ஆட்ட மேசையில் பெண்கள் படும் பாட்டை அது எடுத்துரைத்தது. சலுகை கேட்கவில்லை, சரிநிகர் இடம் கேட்டது.

அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். 1981-இல் ஜீன் வெல்ஸ் எழுதிய 'பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்சஸ்' என்ற கதை நூல் அச்சேறியது. அதிலிருந்த சில படங்கள் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரு படத்தில், கூந்தலால் கட்டித் தொங்கவிடப்பட்ட ஒரு பெண்ணைச் சுற்றி ஆண்கள் நின்று வதைக்கிறார்கள். கதைப்படி அது ஒரு கொடிய விலங்கு காட்டும் மாயத் தோற்றம். காப்பாற்ற ஓடிவருவோரைப் பிடிக்கும் பொறி. வரைந்தவரும் ஒரு பெண்தான். மேலிடம் என்ன செய்தது? கூப்பிட்டுப் பேசியதா? எது தகும், எது தகாது என்று ஒரு நெறி வகுத்ததா? அச்சடித்த நூல்களை வாரிக்கொண்டு போய் அழித்தது! பிறகு வேறொருவரைக் கொண்டு மாற்றி எழுதி வெளியிட்டது. தப்பிப் பிழைத்த சில படிகளை இன்று சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குகிறார்கள். அழித்ததால் மதிப்புக் கூடியதேயன்றி, அறிவு கூடவில்லை.

ஒரு நூல் குப்பைமேட்டுக்குப் போன அதே காலத்தில் அரைகுறை ஆடை அட்டைகள் அச்சகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. அந்தக் கதையில் வதைபட்ட பெண்ணின் படம் பார்த்தவன் நெஞ்சைக் குலுக்கியிருக்கலாம். ஆகவே அது தகாதது. அட்டையில் சிரித்த பெண்ணின் படம் பார்த்தவன் பையைக் குலுக்கியது. ஆகவே அது தகும்! இதுதான் வணிகனின் ஒழுக்கம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். 1983-இல் பாட்ரிசியா புல்லிங் என்ற அம்மையார் இந்த ஆட்டத்துக்கு எதிராக ஓர் அமைப்புக் கண்டார். மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த தாய். அந்தத் துயரத்தின் முன் தலைகுனிகிறோம். ஆனால் அவர் கூறிய காரணத்தை ஏற்பதற்கில்லை. ஆட்டத்தில் பேய் இருக்கிறது, பிசாசு இருக்கிறது, சூனியம் இருக்கிறது, அதனால் பிள்ளைகள் அழிகிறார்கள் என்றார்கள் அவரும் அவரைச் சூழ்ந்தவர்களும். நிறுவனம் அஞ்சியது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களை நீக்கியது. பெண்ணின் வலிமைக்கு இட்டிருந்த வரம்பையும் அந்தப் பதிப்பு நீக்கியது, அதை வரவேற்கிறோம். ஆனால் அட்டை? பேய்களின் பெயர் போயிற்று. பெண்களின் ஆடை முழுதாகத் திரும்பவில்லை. ஏனென்றால் கூச்சலிட்டவர்கள் இல்லாத பேய்க்கு அஞ்சினார்களே தவிர, இருக்கின்ற பெண்ணைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆக, முடிச்சு இங்கே இருக்கிறது. இரண்டு வேறு பொருள்களை ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். ஒன்று முதிர்ந்த பொருள். மற்றொன்று காமப் பூச்சு.

முதிர்ந்த பொருள் என்பது என்ன? போர் என்றால் அதில் வதை உண்டு, அடிமைத்தனம் உண்டு, பெண்ணுக்கு நேரும் கொடுமை உண்டு. காதல் என்றால் அதில் உடல் உண்டு. வளர்ந்த மனிதன் இவற்றைப் பற்றி எழுதலாம், படிக்கலாம், கதையாக ஆடலாம். அது அவனைச் சிந்திக்கச் சொல்கிறது. அதற்கு வேண்டியது ஓர் அறிவிப்பு, ஓர் எல்லை. மூடிய பக்கம் அப்படிப்பட்ட ஓர் எல்லைதான். அந்தப் பக்கங்களில் எழுதியது உயர்ந்த எழுத்தா என்பது வேறு வழக்கு. ஆனால் வாசகனை மதித்து, "இது இன்னது, வேண்டுமானால் பிரி" என்று கூறியதே, அந்த முறையில் நாம் குற்றம் காணவில்லை.

காமப் பூச்சு என்பது என்ன? பொருளுக்குத் தேவையில்லாத இடத்தில், கேட்காதவன் கண்ணிலும் படும்படி, பெண்ணுடலைப் பூசி விற்பது. அது எவரையும் சிந்திக்கச் சொல்வதில்லை; அதற்கு அறிவிப்பும் இல்லை, எல்லையும் இல்லை. மருத்துவன் உடலைத் திறந்து பார்ப்பதும், சந்தைக்காரன் உடலைத் திறந்து காட்டுவதும் ஒன்றாகுமா? முன்னதற்குக் கதவை மூடச் சொன்னார்கள். பின்னதற்குக் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள்.

இது நம் கற்பனை என்று எண்ணவேண்டாம். கணக்கே எடுத்தார்கள். 2007-இல் கேரன் டில், கேத்ரின் தில் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் மிகுதியாக விற்ற கணினி ஆட்ட இதழ்களில் வந்த மாந்தர் படங்களை எண்ணிப் பார்த்தார்கள். மேசை ஆட்ட இதழ்களன்று, அவற்றின் தம்பிமார். காமப் பொருளாகக் காட்டப்பட்டவர்கள், பெண் மாந்தரில் நூற்றுக்கு 60. ஆண் மாந்தரில்? நூற்றுக்கு 1! அரைகுறை ஆடையில் நின்றவர்கள் பெண்களில் நூற்றுக்கு 39, ஆண்களில் 8. அதோடு விட்டார்களா? பதின்வயதினரைக் கேட்டார்கள். ஆட்டத்தில் ஆண் என்றால் அடிதடிக்காரன், பெண் என்றால் உடல் என்ற எண்ணம், அந்த ஆட்டங்களை ஆடாத பிள்ளைகளின் மனத்திலும் ஊறியிருந்தது.

தோழர்களே, அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஆடாத பிள்ளைகளின் மனத்திலும்! மூடிய பக்கத்தைப் பிரித்தவன் ஒருவன்தான் படித்தான். மூடாத அட்டையைக் கடை வழியே போனவன் எல்லாம் படித்தான். எழுத்தறியாதவனும் படித்தான். ஏழு வயதுப் பிள்ளையும் படித்தான்.

இனி, எதிர்வாதங்களைப் பார்ப்போம். எதிரியின் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்பெழுதுவது நம் பழக்கமன்று.

"வாங்குபவர்கள் ஆண்கள், அவர்கள் விரும்புவதைத்தானே கொடுக்க முடியும்?" என்பார்கள். வாங்குபவர்கள் ஏன் ஆண்களாகவே இருந்தார்கள்? வாயிலில் இந்தப் படத்தை மாட்டிவிட்டு, "பெண்கள் வரவில்லையே, என்ன செய்வோம்!" என்று கை பிசைவது, வீட்டு வாயிலில் வெறிநாயைக் கட்டிவிட்டு, விருந்தாளி வரவில்லை என்று வருந்துவது போன்றது.

"இப்படிப் போட்டால்தான் விற்கும்" என்பார்கள். 1996-இல் வந்த 'டூம் ரெய்டர்' என்ற கணினி ஆட்டத்தின் நாயகி லாரா கிராஃப்ட். துணிவும் அறிவும் உள்ள ஓர் ஆய்வுப் பயணியாக அவளைப் படைத்தவர் டோபி கார்டு. விற்பனைக்காரர்கள் அவளுடைய துணிவை விற்கவில்லை. துணியைக் குறைத்து விற்றார்கள். அவள் விளம்பரம் செய்யப்பட்ட முறை படைத்தவருக்கே பிடிக்கவில்லை. 1997-இல் அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். பிறகு 2013-இல் அதே நாயகி, முழுக்காற்சட்டையும் காயம்பட்ட முகமும் கலங்காத நெஞ்சுமாக, உயிர் பிழைக்கப் போராடும் பெண்ணாக மீண்டும் வந்தாள். விற்கவில்லையா? அந்தத் தொடரிலேயே மிகுதியாக விற்ற ஆட்டம் அதுதான்! வணிகனே, உன் கணக்கேடே உனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

"ஆண் வீரனும்தான் வெற்றுடம்போடு நிற்கிறான்" என்பார்கள். நிற்கிறான். அவன் திரண்ட தோள் "நான் வெல்வேன்" என்கிறது. அவள் வளைந்த இடை "என்னைப் பார்" என்கிறது. அவனுக்கு வினை, அவளுக்கு வேடிக்கை. இரண்டும் ஒன்று என்பவர், அறுபதுக்கும் ஒன்றுக்கும் வேற்றுமை தெரியாதவர்.

"பிடிக்காவிட்டால் வாங்காதே" என்பார்கள். இதுதான் மிகப் பெரிய வாதம். ஆகவே மிகப் பெரிய ஏமாற்று. பெண்ணுடலுக்கென்றே நடக்கும் ஏடுகள் அமெரிக்காவில் இருந்தன. அவற்றைத் தேடிப் போனவன் தெரிந்தே போனான். விளையாட்டு இதழ் அப்படியா? எழுபதுகளில், எண்பதுகளில் இணையம் வீட்டுக்கு வரவில்லை. புது விதி என்ன, புது ஆட்டம் எது, எந்த ஊரில் கூட்டம், யாரோடு கூடி ஆடலாம் என்று அறிய அந்த இதழ்தான் வழி. வாசகர் கடிதப் பகுதிதான் பேசும் மேடை. பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி அண்ணன் ஆடுவதைப் பார்க்கிறாள். தானும் ஆட விரும்புகிறாள். இதழைக் கையில் எடுக்கிறாள். அட்டை அவளிடம் என்ன சொல்கிறது? "நீ ஆட வந்தவளல்ல, ஆடுபவர்கள் பார்க்க வந்தவள்" என்கிறது. வேறு கதவு இல்லாத வீட்டில், இருக்கும் ஒரே கதவில் இப்படி எழுதிவிட்டு, "பிடிக்காவிட்டால் வராதே" என்பது சுதந்திரமன்று, துரத்துதல்.

அப்படியானால் தடை வேண்டுமா? சட்டம் போட்டு ஒழிக்கலாமா? வேண்டாம் என்கிறோம். 1981-இல் நூலை அழித்தவர்கள் என்ன சாதித்தார்கள் என்று கண்டோம். 2003-இல் இன்பப் பொருளை வெளிப்படையாகப் பேசும் 'புக் ஆஃப் எராட்டிக் ஃபேண்டசி' என்ற நூல் வரப்போகிறது என்றதும், ஆட்டத்தின் உரிமையாளரான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் தன் அனுமதி விதிகளையே திருத்தி, நாகரிக வரம்பு என்று ஒன்றைப் புகுத்தியது. நூல் நின்றதா? அந்த நிறுவனத்தின் முத்திரை இல்லாமலே வந்தது. கலிபோர்னியா மாநிலம், கொடூரமான கணினி ஆட்டங்களைச் சிறுவர்க்கு விற்கத் தடை செய்து 2005-இல் சட்டம் இயற்றியது. 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம் இருவர் ஒரு பக்கமாக, அது செல்லாது என்றது. தடையின் கதை இதுதான். தடைபோடும் கை இன்று அட்டையில் விழும். நாளை அநீதியை எடுத்துக்காட்டும் கதையில் விழும். நாளை மறுநாள் நம் பேனாவில் விழும். எழுதுகோலைப் பிடித்து வாழ்கின்ற நாம், எழுதுகோலுக்கு விலங்கு கேட்க மாட்டோம்.

பின் என்ன வேண்டும்? மூன்று வேண்டும்.

முதலாவது, அறிவிப்பு. 1993-இல் அமெரிக்க மேலவையில் கணினி ஆட்டங்களைப் பற்றி விசாரணை நடந்த பின், 1994-இல் அந்தத் தொழிலாரே கூடி, எந்த ஆட்டம் எந்த வயதினர்க்கு என்று பெட்டிமேல் குறிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நல்ல முறை. உள்ளே என்ன இருக்கிறது என்று பெற்றோருக்கு ஒரே பார்வையில் தெரிகிறது. முதிர்ந்த பொருளுக்கு அது போதும். ஒட்டிய பக்கமும் அந்த வழியைச் சேர்ந்ததே.

இரண்டாவது, ஒரே நீதி. ஆசிரியன் ஒவ்வொரு படத்தையும் கையில் எடுத்து ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்த இடத்தில், இந்தப் போரில், ஓர் ஆணை இப்படி நிறுத்துவேனா? நிறுத்துவேன் என்றால் அச்சிடட்டும். மாட்டேன் என்றால் ஓவியனிடம் திருப்பித் தரட்டும். காவல்துறை வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், கூச்சப்படும் ஒரு மனம் போதும்.

மூன்றாவது, பெண்ணுக்கு நாற்காலி. படத்தில் அல்ல, ஆசிரியர் குழுவில். 1980-இல் ஜீன் வெல்சின் கட்டுரையை அச்சிட்டவர்கள், அதை மேசைமேல் வைத்து, அடுத்த அட்டை முதல் திருத்தியிருந்தால் இருபது ஆண்டு வாதம் மிச்சமாயிருக்கும். குறையைக் கேட்டு அச்சிடுவது பாதி வேலை. கேட்டபடி நடப்பதே மீதி வேலை.

இது நடவாத காரியமா? நடந்தே இருக்கிறது. 2014-இல் வந்த அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதி நூலில், மனித இனத்துக்கு எடுத்துக்காட்டாக ஒரு படம் போட்டார்கள். கறுப்பினப் பெண்ணொருத்தி, போருக்குரிய கவசத்தோடு, போருக்குரிய முகத்தோடு நிற்கிறாள். யாரையும் மயக்க நிற்கவில்லை. ஆட்டம் செத்துவிட்டதா? அதற்குப் பிறகுதான் அது முன்னெப்போதும் காணாத அளவுக்குப் பரவியது. பெண்கள் திரண்டு வந்தார்கள். அச்சு இதழாக வந்த டிராகன் 2007-இல் 359-ஆவது வெளியீட்டோடு நின்றது. அது தொடங்கிவைத்த ஆட்டக் கூட்டம் நிற்கவில்லை. காமப் பூச்சு இல்லாவிட்டால் கட்டடமே விழும் என்றார்களே, பூச்சு உதிர்ந்தது; கட்டடம் நிற்கிறது!

உதிர்ந்த பூச்சு வேறு சுவரில் ஏறிக்கொண்டது என்பதையும் மறப்பதற்கில்லை. இதழ் அட்டையிலிருந்து கைப்பேசித் திரைக்கு. அங்கே ஆசிரியன் இல்லை, வாசகர் கடிதம் இல்லை, "ஏன் இப்படி?" என்று எழுதிக் கேட்க முகவரிகூட இல்லை. ஆகவே அந்த வேலை நம்முடையது. பிள்ளையிடமிருந்து கைப்பேசியைப் பறிக்காதீர்கள். பறித்தால் ஒளித்து ஆடுவான். பக்கத்தில் அமருங்கள். அந்தப் படம் வரும்போது கண்ணை மூடச் சொல்லாதீர்கள். கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "இவள் போருக்குப் போகிறாளே, வயிற்றுக்குக் கவசம் எங்கே? அவனுக்கு இருக்கிறதே, இவளுக்கு ஏன் இல்லை?" அவ்வளவுதான். ஒரு முறை கேட்டுவிட்ட பிள்ளை, பிறகு அந்தப் படத்தைப் பழைய கண்ணால் பார்க்க மாட்டான். மகளிடமும் கேளுங்கள். அவளுக்கு விடை முன்பே தெரிந்திருக்கும். கேட்க ஆளில்லாமல் இருந்திருப்பாள்.

ஆட்டம் என்பது சிறு பொருள் என்று தள்ளாதீர்கள். மனிதன் வேலையில் கற்பதைவிட விளையாட்டில் கற்பது ஆழமாகப் பதியும். யார் தலைவன், யார் துணைவன், யார் பொருள், யார் ஆள் என்று அங்கேதான் முதலில் படிக்கிறான். அந்த மேசையில் சமமாக அமர்ந்து பழகியவன், நாளை தொழிற்கூடத்திலும் பெண்ணைச் சமமாக அமரவைப்பான்.

பகடையை உருட்டிப் பாருங்கள். ஆண் உருட்டினாலும் இருபது விழும். பெண் உருட்டினாலும் இருபது விழும். உருட்டிய கை எவருடையது என்று அது பார்ப்பதில்லை. பகடைக்குத் தெரியாத வேற்றுமை, பத்திரிகைக்கு எதற்கு?